மகளுக்குக் கிடைத்திருப்பது சர்வர் ரூம் வேலையா?

வணக்கம் சார்.

போன வாரம் நீங்களும் பாப்பாவும் வந்துவிட்டுப் போன அன்று இரவு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை இரண்டு மூன்று முறை படித்தேன். "கோடிங் வேலைக்குப் போவான்னு நாலு வருஷம் படிக்க வச்சேன் சார். இப்போ ஸ்டோரேஜ், சர்வர்னு ஏதோ சொல்றாங்க. ஏசி ரூம்ல மெஷினைப் பார்த்துக்கிட்டு உட்கார்ற வேலையா இது?" என்று கேட்டிருந்தீர்கள். "எல்லாம் கிளவுடுக்குப் போயாச்சு, இன்னும் அஞ்சு வருஷத்துல சர்வர்னு ஒண்ணே இருக்காது" என்று உங்கள் மைத்துனர் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். இதற்கு இரண்டு வரியில் பதில் போட எனக்கு மனம் வரவில்லை. கல்வி ஆலோசகராக வருவதற்கு முன் பத்து வருடம் நான் செய்தது இதே வேலைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பாப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆஃபர் லெட்டரில் 'ஹைப்பர் கன்வர்ஜ்டு இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' என்று இருக்கிறதே, துறையில் எல்லோரும் அதை எச்.சி.ஐ. என்றுதான் சொல்வார்கள். பெயர்தான் பெரிசு. விஷயம் உங்கள் மருந்துக்கடைக் கணக்கை வைத்தே புரியும்.

முதலில் வெர்ச்சுவல் மெஷின். ஒரு பெரிய வீட்டைத் தடுத்து நாலைந்து குடித்தனம் வைப்பார்கள் அல்லவா, அதுபோல ஒரு பெரிய சர்வரைத் தடுத்து, உள்ளே முப்பது நாற்பது தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் ஓடுவதாக ஆக்கிவிடலாம். தடுக்கும் வேலையைச் செய்யும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். ஒரு மருத்துவமனையின் பில்லிங், லேப் ரிப்போர்ட், மருந்து இருப்பு மூன்றும் ஒரே சர்வருக்குள் மூன்று குடித்தனங்களாக இருக்கும். ஒருவருக்கொருவர் தொந்தரவு கிடையாது.

சரி, வீடே இடிந்துவிட்டால்? முப்பது குடித்தனமும் நடுத்தெருவில். எனவே ஒரு சர்வர் செத்தால் அதிலிருந்த வெர்ச்சுவல் மெஷின்கள் வேறொரு சர்வரில் உடனே எழுந்து நிற்க வேண்டும். அப்படி நிற்க வேண்டுமென்றால் அவற்றின் டேட்டா அந்த வேறொரு சர்வருக்கும் கைக்கெட்ட வேண்டும். இந்தத் துறையின் மொத்தச் சிக்கலும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பழைய வழி, பொதுக் குடோன். உங்கள் மூன்று கடைக்கும் சேர்த்து ஒரே குடோன் இருக்கிறது என்று வையுங்கள். எந்தக் கடையிலிருந்தும் ஆள் போய்ச் சரக்கு எடுக்கலாம். கம்ப்யூட்டர் உலகில் அந்தக் குடோனுக்கு ஸ்டோரேஜ் அரே என்று பெயர். அதற்குப் போகிற தனிச் சாலை சான் நெட்வொர்க். சர்வருக்கு ஓர் ஆள், சாலைக்கு ஓர் ஆள், குடோனுக்கு ஓர் ஆள் என்று மூன்று குழு வேண்டும். விலையும் அதிகம். குடோன் நிரம்பிவிட்டால் இன்னும் பெரிதாக ஒன்று வாங்க வேண்டும்.

எச்.சி.ஐ.யில் தனிக் குடோன் கிடையாது. ஒவ்வொரு சர்வரிலும் உள்ள டிஸ்க்குகளை மென்பொருள் சேர்த்து ஒரே கிடங்கு போலக் காட்டும். ஒரு தகவலை எழுதினால் அது குறைந்தது இரண்டு சர்வர்களில் பதிவாகும். இரண்டிலும் பதிவான பிறகுதான் 'எழுதியாச்சு' என்ற பதில் வரும். மூன்று கடையிலும் சரக்கு, ஒவ்வொரு மருந்தும் எப்படியும் இரண்டு கடையில் இருக்கும், ஒரு கடையில் தீப்பிடித்தாலும் எந்த மருந்தும் இல்லாமல் போகாது என்பது மாதிரி. இடம் போதவில்லையா, இன்னொரு சர்வரை வாங்கிச் சேர்த்தால் போதும். இந்தச் சர்வர்களைத் துறையில் 'நோடு' என்பார்கள்.

இந்த யோசனை ஒரே நாளில் வந்ததில்லை. 2003-இல் கூகுள் தன் ஃபைல் சிஸ்டம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. சாதாரண, மலிவான கம்ப்யூட்டர்களை நிறையச் சேர்த்து, எது எப்போது கெட்டாலும் டேட்டா தப்பிக்கும்படி எப்படிக் கட்டுவது என்பதுதான் அதன் உள்ளடக்கம். கூகுளில் அந்தப் பக்கம் வேலை பார்த்த மோஹித் ஆரோன், தீரஜ் பாண்டே, அஜித் சிங் இருவரோடும் சேர்ந்து 2009-இல் நியூட்டானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மூவரும் அந்த முறையைச் சாதாரண ஆபீஸ்களுக்குக் கொண்டுவந்தார்கள். 2014-இல், ஹைப்பர்வைசர் விற்கும் விஎம்வேர் நிறுவனம் இதே வேலையைச் செய்யும் தன் விசான் மென்பொருளோடு வந்தது. 2016 விண்டோஸ் சர்வரிலேயே மைக்ரோசாஃப்ட் இதைச் சேர்த்தது. பாப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: இன்று நியூட்டானிக்ஸின் தலைமைச் செயல் அலுவலராக இருக்கும் ராஜீவ் ராமசாமி, சென்னை ஐஐடியில் படித்தவர்.

யார் வாங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். காலை ஒன்பது மணிக்கு ஐநூறு பேர் ஒரே நேரத்தில் லாகின் செய்யும் ஒரு கால் சென்டரை நினைத்துப் பாருங்கள். அங்கே மேஜையில் இருப்பது வெறும் திரை, அவர்களுடைய கம்ப்யூட்டர் முழுக்க சர்வருக்குள் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் டிஸ்க் மேல் விழும் சுமையைப் பழைய குடோன் தாங்காமல் திணறும். எச்.சி.ஐ. முதன்முதலில் பெயர் வாங்கியது இங்கேதான். அப்புறம் கிளைகள் நிறைய உள்ள கடைகள், தொழிற்சாலைகள். இரண்டு மூன்று சர்வரை ஒரு மூலையில் வைத்துவிட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். மருத்துவமனைகள், வங்கிகள், அரசுத் துறைகளும் உண்டு. கிளவுடு, அதாவது அடுத்தவர் சர்வரை இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுப்பது, வந்த பிறகும் இவர்கள் சொந்த சர்வரை விடாததற்குக் காரணம் இருக்கிறது. சில டேட்டா வெளியே போகக் கூடாது. சில வேலைகள் இன்டர்நெட் அறுந்தாலும் நிற்கக் கூடாது. வருடம் முழுக்க ஒரே அளவில் ஓடும் வேலைக்கு மாத வாடகை கட்டுவதைவிடச் சொந்தமாக வாங்குவது பல இடங்களில் லாபம். கிளவுடும் யாரோ ஒருவருடைய சர்வர்தான். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழுந்து நிற்கும் டேட்டா சென்டர்களை உங்கள் மைத்துனருக்கு ஒருமுறை காட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்றும் சொல்ல மாட்டேன். சிசிடிவி பதிவுகளைப் போல டேட்டா மட்டும் மலையாகக் குவிகிற இடத்தில், டிஸ்க்குக்காக ஒவ்வொரு முறையும் முழு சர்வரையே வாங்குவது வீண் செலவு. பிராசஸரில் உள்ள ஒரு கோருக்கு இவ்வளவு என்று லைசென்ஸ் பணம் கேட்கும் டேட்டாபேஸ்களை வைத்திருப்பவர்களுக்கும் இப்படிச் சர்வரைக் கூட்டிக்கொண்டே போவது கையைக் கடிக்கும். எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று வாடிக்கையாளரிடம் தைரியமாகச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு.

இப்போது, மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலையா என்ற கேள்விக்கு வருகிறேன்.

நான் பொறுப்பில் இருந்தபோது ஒரு மருத்துவமனையில் நாலு நோடு வைத்திருந்தோம். ஒவ்வொன்றிலும் 10 டெராபைட் இடம், மொத்தம் 40. எல்லாம் இரண்டு பிரதி என்பதால் உண்மையில் வைக்கக்கூடியது 20. ஸ்கேன் படங்கள் சேர்ந்து சேர்ந்து 17 ஆகிவிட்டது. திரையில் 'இன்னும் 3 இருக்கிறது' என்றே காட்டியது. யாரும் கவலைப்படவில்லை, நானும்தான். ஒரு சனிக்கிழமை இரவு ஒரு நோடின் மதர்போர்டு போய்விட்டது. வெர்ச்சுவல் மெஷின்கள் சில நிமிடங்களில் மற்ற மூன்றிலும் எழுந்துவிட்டன. வார்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் உள்ளே டேட்டாவுக்கு மறுபடி இரண்டு பிரதி உண்டாக்க வேண்டுமே? 17-க்கு இரண்டு பிரதி என்றால் 34 வேண்டும். மிச்சமிருக்கும் மூன்று நோடிலும் சேர்த்து 30-தான். இடமே இல்லை. நோயாளிகளின் படங்களில் ஒரு பகுதி ஒற்றைப் பிரதியாக நின்றது. அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் போயிருந்தால் அந்த மெஷின்களை பேக்கப்பிலிருந்துதான் மீட்டிருக்க வேண்டும், அதுவும் முந்தைய நாள் நிலைக்கு. பழைய ஸ்னாப்ஷாட்டுகளையும் (மெஷின்களின் பழைய நிலைப் பதிவுகள்) டெஸ்ட் மெஷின்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அழித்து இடம் பண்ணினேன். திங்கட்கிழமை மதியம் உதிரிப் பாகம் வரும் வரை எனக்குத் தூக்கமில்லை.

அந்தக் கிடங்கில் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது 15 டெராபைட்டுக்குள். ஒரு நோடு போன பின்னும் தாங்கும் அளவு அதுதான். இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு, 13-இல் இருக்கும்போதே நிர்வாகத்திடம் போய் "ஐந்தாவது நோடு வாங்க வேண்டும்" என்று சொல்வதுதான் பாப்பாவின் வேலை. இந்தக் கணக்கைத் தப்பில்லாமல் போடும் ஃப்ரெஷரை நான் இன்டர்வியூவில் திருப்பி அனுப்பியதே இல்லை.

ஆரம்ப ஒன்றிரண்டு வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை. டிக்கெட் (புகார்ப் பதிவு) பார்ப்பது, அலாரம் பார்ப்பது, கெட்ட டிஸ்க்குக்கு ஆள் அனுப்புவது. நைட் ஷிஃப்ட் வரும், அப்கிரேடு எல்லாம் ஞாயிறு அதிகாலையில்தான் நடக்கும். "ஸ்டோரேஜ் ஸ்லோ" என்று புகார் வரும். நாலு நாள் டிஸ்க்கையே நோண்டிவிட்டுக் கடைசியில் பார்த்தால் சர்வர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில் ஒரே ஒரு கேபிள் பழுதாகி இருக்கும். இதில் சலிப்படையாமல், ஏன் என்று தோண்டிப் பார்க்கிற குணம் இருந்தால் பிறகு மொத்த அமைப்பையும் வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் வரை வழி திறந்தே இருக்கிறது. பாப்பா உங்கள் கடை இன்வெர்ட்டர் ஏன் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று இரண்டு நாள் குடைந்து கண்டுபிடித்ததாகச் சொன்னீர்களே, அந்தக் குணம்தான் இதற்கு வேண்டும். கோடிங்கும் இல்லாமல் இல்லை. நூறு நோடை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து யாரும் பராமரிக்க மாட்டார்கள், பைத்தான் என்ற கோடிங் மொழியும், பல சர்வர்களை ஒரே நேரத்தில் அமைக்கும் ஆன்சிபிளும் எழுதத் தெரிய வேண்டும்.

நான் உண்மையில் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஒரே கம்பெனியின் திரையை மட்டும் பழகிவிட்டு, அதுவே தொழில் என்று நின்றுவிடக் கூடாது. சிஸ்கோ 2016-இல் ஹைப்பர்ஃப்ளெக்ஸ் என்று ஓர் எச்.சி.ஐ.யைக் கொண்டுவந்தது. 2023-இல் நியூட்டானிக்ஸோடு கைகோத்துக்கொண்டு, அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அதே 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றினார்கள். செலவு கூடிய நிறுவனங்கள் பல, இப்போது வேறு ஹைப்பர்வைசருக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கின்றன, சில மாறவும் செய்கின்றன. அந்த மாற்றத்தைச் செய்து கொடுக்க இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் வேண்டும். பிராண்டு மட்டும் படித்தவருக்கு இது இடி, அடிப்படை படித்தவருக்கு இது வேலை.

அடிப்படை என்றால் லினக்ஸ், நெட்வொர்க், டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்பது, பிறகு பெரும்பான்மைக் கணக்கு. கடைசியாகச் சொன்னது முக்கியம். இரண்டே நோடு இருந்து நடுவில் தொடர்பு அறுந்துவிட்டால், இரண்டுமே 'மற்றவன் செத்துவிட்டான், நான்தான் பொறுப்பு' என்று நினைத்துத் தனித்தனியாக எழுத ஆரம்பித்துவிடும். டேட்டா இரண்டு விதமாகப் பிரிந்துபோகும். அதனால்தான் மூன்றாவதாக ஒரு சாட்சி வைக்கிறார்கள். சாட்சி எந்தப் பக்கம் சேர்கிறதோ, மூன்றில் இரண்டு என்ற பெரும்பான்மையோடு அந்தப் பக்கம் மட்டும் எழுதும். இது பாப்பாவுக்கு மனதில் பதிந்தால் எந்தக் கம்பெனி மென்பொருளும் அவளுக்குப் புதிதாக இருக்காது.

இதைப் படிக்க, நீங்கள் சொன்ன எண்பதாயிரம் ரூபாய் கோர்ஸ் தேவையில்லை. 'நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்' என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: "மாணவர்கள் ஒரு நோடின் கரண்டைப் பிடுங்கிப் பார்க்க விடுவீர்களா?" பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்தில் பாதிகூட வேண்டாம். வீட்டில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு 32 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதனுள்ளேயே மூன்று நோடுகளை வெர்ச்சுவலாக உண்டாக்கி, அதோடு வரும், டிஸ்க்குகளை ஒரே கிடங்காகச் சேர்க்கும் செஃப் ஸ்டோரேஜைக் கட்டலாம். வேகமாக ஓடாது, படிக்கப் போதும். கட்டிய பிறகு ஒரு நோடை அணைத்து, என்ன ஆகிறது என்று நோட்டில் எழுதட்டும். எத்தனை நொடியில் மெஷின் மறுபடி எழுந்தது, டேட்டாவுக்கு இழந்த பிரதி மறுபடி உண்டாக ஆரம்பித்ததா, எப்போது என்று. சில மென்பொருள் உடனே ஆரம்பிக்கும். விசான் வழக்கமாக ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்கும், நோடு திரும்பி வந்துவிடுமோ என்று. ஏன் பொறுக்கிறது என்று அவளாகவே யோசிக்கட்டும். அந்த நோட்டை இன்டர்வியூவுக்கு எடுத்துப் போகலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் முதலில் ரெட் ஹாட் லினக்ஸ், அல்லது சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ. எச்.சி.ஐ. சான்றிதழை வேலையில் சேர்ந்த பிறகு, பெரும்பாலும் கம்பெனி செலவிலேயே எழுதிக்கொள்ளலாம்.

ஆகவே சார், என் கருத்து, சேரட்டும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எச்.ஆரிடம் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள். பாண்ட் இருக்கிறதா, எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும். நைட் ஷிஃப்டுக்கு வீட்டு வாசல் வரை கேப் வருமா, தனியாக வரும்போது பாதுகாப்புக்கு யார். பயிற்சிக் காலத்தில் உண்மையான லேப் கொடுப்பார்களா, இல்லை வீடியோ மட்டும்தானா. பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன், பாப்பாவை அந்தப் பழைய டெஸ்க்டாப்போடு கூட்டிக்கொண்டு வாருங்கள். எனக்கும் அதைத் திறந்து பார்த்து ரொம்ப நாள் ஆகிறது, முதல் நோடை நானே கூட இருந்து போட்டுக் கொடுக்கிறேன்.