கட்டிலுக்கு மேலே ஒரு பேச்சு

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. யார் வந்தாலும் அழுகிறார். அம்மா சோறு ஊட்டினால் தட்டைத் தள்ளிவிடுகிறார். கடைச் சாவியை நான் எடுத்தால் முறைக்கிறார். குழந்தை மாதிரி ஆகிவிட்டார். புறா ரத்தம் தடவச் சொல்கிறார்கள். அவருக்கு வாசித்துக்காட்ட நல்ல தன்னம்பிக்கை நூல்கள் சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

புறா ரத்தமெல்லாம் வேண்டாம். பிசியோதெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் விடாதீர்கள்.

சாவியை எடுத்தால் முறைக்கிறவர் எப்படிக் குழந்தை ஆவார்? அது அவருடைய கடை. நீங்கள் கேட்காமல் எடுக்கிறீர்கள், அவர் முறைக்கிறார். மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலது கைகாலோடு பேச்சும் போவதுண்டு. சொல் வரவில்லை என்பதற்காக உள்ளே ஆளே இல்லை என்று நினைப்பது கொடுமை. ஸ்வீடன் கவிஞர் தோமாஸ் திரான்ஸ்திரோமர் 1990இல் இப்படித்தான் விழுந்தார். வலக்கையும் பேச்சும் போயின. அதன் பிறகும் கவிதைத் தொகுப்பு கொண்டுவந்தார், இடக்கையால் பியானோ வாசித்தார்.

என் பெரியப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். அவர் படுத்தபின் வந்தவர்களெல்லாம் கட்டிலுக்கு மேலாகப் பெரியம்மாவிடம்தான் பேசினார்கள். “சாப்பிடுறாரா? வெளிக்குப் போறாரா?” ஒருநாள் உறவினர் ஒருவர் அவர் தலைமாட்டில் நின்றபடியே கடையை யாருக்கு விடலாம் என்று ஆரம்பித்தார். பெரியப்பா இடது கையால் காபி டம்ளரை எடுத்து வீசினார். சுவரெல்லாம் காபி. “புத்தி பேதலிச்சிருச்சு” என்றார்கள். எனக்கு இன்றும் ஆத்திரமாக இருக்கிறது. அந்த அறையில் புத்தியோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

அழுகையை மட்டும் சாதாரணமாக விடாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. துக்கமே இல்லாமல் அழுகை பொத்துக்கொண்டு வருவதும் உண்டு, அது மூளையில் பட்ட அடியால். இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். “அழாதீங்கப்பா” என்று எல்லார் முன்னாலும் அதட்டாதீர்கள்.

நூல் கேட்டீர்கள். தன்னம்பிக்கை நூல் எதுவும் வேண்டாம். கடைக் கணக்கு நோட்டை எடுத்துப் போய் நேற்றைய வரவு செலவை வாசியுங்கள். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஒவ்வொரு பெயராகக் கேளுங்கள். தலையசைக்க அவருக்கு நேரம் பிடிக்கும். அதுவரை போனைப் பார்க்காமல் உட்கார்ந்திருங்கள்.