சிறுவர்கள் குற்றம் செய்தால் சிறைக்கு அனுப்பாமல் சமூகமே திருத்துவது உண்மையில் பலன் தருமா?

கேள்வியோடு இன்னொரு வரியையும் சேர்த்திருக்கிறீர்கள்: "மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றால் எந்தப் பையன் பயப்படுவான்?" அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பயமுறுத்தித் திருத்துவதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 1970களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், வழிதவறும் பிள்ளைகளைச் சிறைக்குள் அழைத்துப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். பார்க்கப் பரபரப்பாக இருந்ததாலோ என்னவோ, மற்ற இடங்களுக்கும் அது பரவியது. பிற்பாடு இத்தகைய திட்டங்களை முறையாக ஒப்பிட்டுப் பார்த்தால், மிரட்டலுக்குப் போய்வந்த பிள்ளைகள்தான் போகாதவர்களைவிட அதிகம் குற்றம் செய்திருந்தார்கள்.

அதே காலத்தில், 1974ல், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள எல்மைரா என்ற சிற்றூரில் நடந்தது வேறு. குடிபோதையில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்துவிட்டார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவரின் யோசனையை நீதிபதி ஏற்றுக்கொள்ள, இருவரும் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப்போய், செய்தது நாங்கள்தான் என்று சொல்லி, நஷ்டம் எவ்வளவு என்று கேட்டு, பின்னர் பணத்தையும் கட்டினார்கள். அதில் ஒருவர் பல வருடங்கள் கழித்து, குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் நேருக்கு நேர் பேச வைக்கும் இதே சமரச வேலையில் தன்னார்வலராகச் சேர்ந்தார்.

இதை லேசான தண்டனை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீதிமன்றத்தில் வக்கீல் பேசுவார், பையன் வாயே திறக்க வேண்டாம். இங்கே அவனேதான் பேசியாக வேண்டும், அதுவும் யாருடைய ஜன்னலை உடைத்தானோ அவர் முகத்தைப் பார்த்து.

நியூசிலாந்து 1989ல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. கொலை போன்றவை தவிர, இளையோர் செய்யும் கடுமையான குற்றங்களுக்கு அங்கே குடும்பக் குழுக் கூட்டம் நடக்கும். பையன், குடும்பத்தார், பாதிக்கப்பட்டவர், போலீஸ், நடத்தித் தர ஓர் ஒருங்கிணைப்பாளர். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்ட முறை இது. எனக்குப் பிடித்த பகுதி, நடுவில் அதிகாரிகள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். குடும்பம் தனியே உட்கார்ந்து, என்ன செய்து ஈடுகட்டலாம் என்று ஒரு திட்டம் போடும். தாங்களே போட்ட திட்டம் என்றால் மாமாவும் பாட்டியும் விடாமல் துரத்துவார்கள் இல்லையா!

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் பல கூட்டங்களுக்குப் பாதிக்கப்பட்டவர் வரவே இல்லை. வர மனமில்லை என்றவர்கள் அதில் கொஞ்சம்தான். ஒழுங்காக அழைக்காதது, நேரம் ஒத்துவராதது, இவைதான் பெரும்பாலும் காரணம். அவர் இல்லாத கூட்டம் என்னைப் பொறுத்தவரை பாதிக் கூட்டம்தான். இத்தகைய கூட்டத்தை நீதிமன்றத்தோடு ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1995ல் தொடங்கிய ஆய்வும் இந்தப் பக்கமே கைகாட்டுகிறது: வன்முறையில் ஈடுபட்ட இளைஞர்களிடம் பலன் தெரிந்தது, குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களிடம் தெரியவில்லை. அந்த வழக்குகளில் எதிரே உட்கார்ந்து "எனக்கு இது நடந்தது" என்று சொல்ல ஆளில்லை. காரணம் அதுதான் என்பது என் ஊகம்.

அப்புறம், "சமூகம்" என்று சொன்னதும் நல்லவர்கள் கூடிப் பேசுவதாக நினைத்துவிடுகிறோம். பையனுடைய குடும்பத்தை முன்பே இளக்காரமாகப் பார்ப்பவர்கள் சுற்றி உட்கார்ந்தால் அது விசாரணையைவிட மோசமாகப் போகும். கூட்டம் முடிந்து, ஒப்புக்கொண்ட வேலையைச் செய்தானா, படிப்பில் மறுபடி சேர்ந்தானா, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை கிடைத்ததா என்று மாதக்கணக்கில் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஓர் ஆள் வேண்டும். செலவு பிடிக்கிறது என்று பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்வேன். "நான் செய்யவில்லை" என்று சொல்லும் பிள்ளையை இந்த வழியில் தள்ளவே கூடாது. அவனுக்கு வக்கீலும் முறையான விசாரணையும்தான் வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று வீட்டாரே ஒப்புக்கொள்ளச் சொல்லி நெருக்கும் ஆபத்து இதில் உண்டு.