ஆறு விரலும் ஒரு ஷூவும்

அன்புள்ள ஐயா,

மகள் கல்லூரி முதலாண்டு. ஹெப்டத்லான் பயிற்சி எடுக்கிறாள்; ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று ஏழு போட்டி, எல்லாவற்றின் புள்ளியையும் கூட்டித்தான் வெற்றி. ஏழு போட்டி எதற்கு, ஒன்றைப் பிடித்துக்கொள் என்கிறார் அவளுடைய பி.டி. சார். அவள் சோர்ந்துபோனால் ஹெப்டத்லான் வீராங்கனை ஸ்வப்னா பர்மனைக் காட்டுவேன்: காலுக்கு ஆறு விரல், அப்பா ரிக்‌ஷா ஓட்டியவர், பல்வலியோடு தங்கம் வாங்கினார், உனக்கு என்ன குறை? நான் செய்வது சரிதானா?

— ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றா ஏழா என்பதை ஓடுகிறவள் முடிவு செய்யட்டும். சாரும் நீங்களும் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

'உனக்கு என்ன குறை' என்று கேட்பதை மட்டும் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். ஸ்வப்னாவைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மேற்கு வங்கத்து ஜல்பாய்குரியிலிருந்து வந்தவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 6026 புள்ளி. ஆசிய விளையாட்டு ஹெப்டத்லானில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம். பல்வலிக்காகக் கன்னத்தில் ஒட்டியிருந்த பட்டை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. உயரம் தாண்டுதலில் 1.82 மீட்டர், ஈட்டியில் 50.63 மீட்டர், இரண்டிலும் அவரே முதலிடம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 200 மீட்டரில் 26.08 நொடி, சுமார்தான். அங்கே விட்டதை ஈட்டியில் பிடித்த கதையை மகளிடம் சொன்னீர்களா? விரலையும் ரிக்‌ஷாவையும் சொல்லியிருக்கிறீர்கள்.

சரி, அந்த விரலையே எடுத்துக்கொள்வோம். ஆறு விரல் என்றால் பாதம் அகலம், கடை ஷூ நெரிக்கும். இந்தப் போட்டிக்கு ஒரு ஜோடி போதாது. உயரம் தாண்டவும் ஈட்டி எறியவும் குதிகாலிலும் ஆணி வைத்த ஷூ வேண்டும், ஓட்டத்துக்கு வேறு. எதைப் போட்டாலும் வலி. ஜெயித்த பிறகு, எனக்குப் பொருந்துகிற ஷூ வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டார். அப்புறம்தான் அடிடாஸ் ஜெர்மனியில் அவர் காலை அளந்து செய்துகொடுத்தது. முதலில் தங்கம், பிறகு ஷூ. இது உங்களுக்கு உறைக்கவே இல்லையா? வலியைத் தாங்கினார் என்று பாராட்டுகிறோமே, அதைத் தாங்க வைத்தது யார்?

என் தங்கை பள்ளிக்காக ஓடியபோது அவள் அளவில் ஸ்பைக்ஸ், அதாவது ஆணி வைத்த ஷூ, இல்லை. பெரிய ஜோடியின் நுனியில் பழந்துணியைத் திணித்துக்கொண்டு ஓடினாள். பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. பரிசளிப்பு விழாவில் அதையும் சொல்லிக் கைதட்டினார்கள். ஒருவரும் ஷூ வாங்கித் தரவில்லை. அடுத்த வருஷம் அவள் ஓடவில்லை.

உங்கள் பிள்ளை மேல் உங்களுக்குள்ள பிரியம் கடிதத்தில் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கோபம். இந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போங்கள். ஓட்டத்துக்கும் ஈட்டிக்கும் ஒரே ஜோடியைத்தான் போடுகிறாளா என்று பாருங்கள். அப்படியென்றால் அன்றைக்கே கடைக்குக் கூட்டிப்போங்கள்.