ஸ்கூட்டரின் இரு பக்கமும் தொங்கும் பைகள் பொருந்துமா? எத்தனை லிட்டர் பை வாங்குவது?

கேள்வி: என்னிடம் 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்துக் கடைகளுக்கு மசாலாப் பொடியும் ஊறுகாயும் போடுகிறேன். இருக்கைக்கு அடியில் உள்ள இடம் போதவில்லை. பெரிய மோட்டார் சைக்கிள்களில் இரு பக்கமும் தொங்கவிடும் பைகளை ஸ்கூட்டரில் மாட்டலாமா? எத்தனை லிட்டர் வாங்குவது நல்லது?

பதில்:

மாட்டலாம். ஆனால் லிட்டரிலிருந்து தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். அதற்கு மூன்று புடவைகளும் ஒரு நல்ல பையும் போயின.

நான் தருமபுரியில் இருக்கிறேன். இளம்பிள்ளையில் புடவை எடுத்து வந்து, இண்டூர், பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு என்று ஊர் ஊராக வீடுகளுக்கே கொண்டுபோய் விற்பது என் தொழில். எட்டு ஆண்டுகளாக ஸ்கூட்டர்தான் என் கடை. முதல் இரண்டு ஆண்டுகள் மூட்டையைப் பின்னிருக்கையில் வைத்து ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். பத்து வீட்டுக்கு நின்றால் பத்து முறை அவிழ்த்துக் கட்ட வேண்டும். அந்த அலுப்பில்தான் பக்கப் பைகளைத் தேடினேன். கடையில் இருந்தவற்றிலேயே பெரியதாகப் பார்த்து, பக்கத்துக்கு 25 லிட்டர் என்று எழுதியிருந்த ஒரு ஜோடியை வாங்கினேன். அது மோட்டார் சைக்கிளுக்காகத் தைக்கப்பட்ட பை. கடைக்காரர் என் வண்டியில் மாட்டிக் காட்டியபோது பையின் அடிப்பகுதிக்கும் சைலன்சருக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. திருப்தியாகப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுவாரம் பென்னாகரம் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் தீயும் நாற்றம் வந்தது. நிறுத்திப் பார்த்தால், வலது பையின் அடி உருகிச் சைலன்சரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அடியில் இருந்த மூன்று புடவைகளின் மடிப்பு ஓரங்கள் பொசுங்கிவிட்டன. அவற்றில் ஒன்று ஒரு வளைகாப்புக்காகச் சொல்லி வைத்திருந்த புடவை. அந்த வீட்டு வாசலில் போய் நின்று விவரம் சொன்னது இன்றும் எனக்கு வலிக்கிறது.

நான்கு விரல் இடைவெளி எங்கே போனது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். உங்கள் கேள்விக்கு உயிரான செய்தியும் இதுதான். மோட்டார் சைக்கிளில் எஞ்சின் சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கிறது. நாம் ஓட்டும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் அப்படியில்லை. எஞ்சின், இடது பக்கத்து பெல்ட் பெட்டி, பின்சக்கரம், சைலன்சர் எல்லாம் ஒரே துண்டாகச் சேர்ந்து ஷாக் அப்சார்பரில் மேலும் கீழும் ஆடுகின்றன. பையோ இருக்கையிலிருந்து, அதாவது வண்டியின் உடலிலிருந்து தொங்குகிறது. எடை ஏறினால் உடல் கீழே இறங்கும். சைலன்சர் பையை நோக்கி மேலே வரும். வேகத்தடையிலோ குழியிலோ இறங்கும்போது அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். வெறும் வண்டியை நிறுத்திவைத்து அளந்தால் அந்த அளவு பொய்யாகிவிடுகிறது.

ஆகவே உங்கள் வண்டியில் ஸ்டாண்டை எடுத்துவிட்டு இரண்டு பேர் ஏறி உட்காருங்கள். மூன்றாவது ஆள் ஒருவர் வண்டியைப் பின்னால் பலமாக அழுத்தட்டும். அந்த நிலையில் இருக்கை ஓரத்திலிருந்து சைலன்சரின் மேல்விளிம்பு வரை அளந்து, அதிலிருந்து ஐந்து சென்டிமீட்டரைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் பையின் உயரம். இடது பக்கத்திலும் அதே போல அளக்க வேண்டும். அங்கே சைலன்சர் இல்லை என்று அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். கிக்கர் அங்கே இருக்கிறது. பேட்டரி இறங்கிய காலையில் அதை மிதிக்க இடம் வேண்டும். காற்று வடிகட்டியின் பெட்டியும் பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பக்கம்தான். பெல்ட் பெட்டிக்குள் குளிர்காற்று போகும் வழி ஒன்றும் அங்கே உண்டு. அதன் இடம் வண்டிக்கு வண்டி மாறும். மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வழியைப் பை மூடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். காற்று அடைபட்டால் பெல்ட் சூடேறி, ஆயுள் குறையும்.

அகலத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: கைப்பிடி நுழையும் சந்தில் பையும் நுழைய வேண்டும். ஆக்டிவா 6ஜி போன்ற வண்டியின் மொத்த அகலம் 697 மில்லிமீட்டர். இரண்டு பைகளும் வண்டியின் உடலும் சேர்ந்து அதைத் தாண்டினால், முன்னால் பார்த்து ஓட்டும் உங்களுக்கு நுழைய முடியும் என்று தோன்றும் இடத்தில் பின்பக்கம் போய் உரசும். வாரச்சந்தை நாளில் பாலக்கோடு கடைத்தெருவுக்குள் போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படி அளந்து பார்த்தால் பெரும்பாலான 110 சிசி வண்டிகளில் பக்கத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வரைதான் தேறும். நீளம், உயரம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். என் இப்போதைய பை 36 நீளம், 27 உயரம், 15 ஆழம். கிட்டத்தட்ட பதினாலரை லிட்டர். பக்கத்துக்குப் பத்துப் புடவைகள் பிடிக்கும். எடை ஐந்து கிலோவுக்குள் நிற்கும்.

அந்த ஐந்து கிலோவில்தான் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடு வருகிறது. துணி இடத்தை அடைக்கும், கனக்காது. மசாலாப் பொடி லிட்டருக்கு ஏறத்தாழ அரைக் கிலோ வரும். 15 லிட்டர் பையை முழுவதும் நிரப்பினால் ஏழு கிலோவைத் தாண்டிவிடும். ஊறுகாயோ தண்ணீரைவிடக் கனம். அதில் கண்ணாடிப் பாட்டிலின் எடையும் சேரும். எனவே பக்கப் பைகளில் பொடிப் பாக்கெட்டுகளை மட்டும் வையுங்கள், அதையும் முக்கால் பைக்கு மேல் போகவிடாதீர்கள். ஊறுகாய்ப் பாட்டில்களைக் கால் வைக்கும் தளத்தில், தாழ்வான பிளாஸ்டிக் கூடையில் அடுக்குங்கள். கூடை முழங்காலுக்குக் கீழே நிற்க வேண்டும், கைப்பிடியை முழுவதும் திருப்பினாலும் தட்டக்கூடாது, இரண்டு பாதங்களுக்கும் இடம் இருக்க வேண்டும்.

ஸ்கூட்டரில் எஞ்சினே பின்னால் இருப்பதால் வண்டி இயல்பாகவே பின்கனமானது. பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் எடை கூடக் கூட, முன்சக்கரம் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டு போகும். மேடேறும்போது கைப்பிடி காற்றில் மிதப்பது போல் இருக்கும். வத்தல்மலை வளைவுகளில் எனக்கு ஒரு முறை அப்படி நேர்ந்தது. அன்று பாதி வழியில் நிறுத்தி மூட்டையை இறக்கி முன்னால் மாற்றினேன். பின்னால் உயரமாகப் பொருத்தும் பெட்டியைவிடப் பக்கப் பைகளை நான் விரும்புவதற்கும் இதுவே காரணம். பையில் எடை தாழ்வாகவும் அச்சுக்கு அருகிலும் நிற்கிறது.

சமநிலை அடுத்தது. பொதிமாடு ஓட்டியவர்கள் ஒரு பக்கத்தை ஏற்றிவிட்டு மறுபக்கத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டதில்லை. விட்டிருந்தால் பொதி முதுகிலிருந்து சரிந்துவிடும். நம் வண்டிக்கும் அதே நியாயம்தான். காலையில் சமமாகத்தான் ஏற்றுவோம். விற்க விற்கத்தான் கோணும். நான் ஒவ்வொரு வீட்டிலும் இடம் வலம் மாற்றி மாற்றி எடுக்கிறேன். நீங்கள் கடைக்குக் கடை சரக்கு இறக்குபவர். ஒரே வகைப் பொடியை ஒரே பக்கம் அடுக்காமல் எல்லா வகையையும் இரு பக்கமும் பாதி பாதியாகப் பிரித்துவிடுங்கள். ஏற்றும்போது நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் இடது பையை நிரப்பினால், மண் தரையில் ஸ்டாண்டு புதைந்து வண்டி விழும்.

டயர் காற்றையும் மறக்காதீர்கள். என் வண்டியில் பின்சக்கரத்துக்கு ஒருவர் மட்டும் போனால் 29, இருவர் போனால் 36, முன்னால் எப்போதும் 22. சரக்கு ஏற்றும் நாளில் இருவருக்கான அளவையே வைக்கிறேன். உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும். அங்கேயே வண்டி தாங்கும் மொத்த எடையும் எழுதியிருக்கும். அது உங்கள் உடல் எடையையும் பைகளின் எடையையும் சேர்த்த கணக்கு.

பையை எப்படி மாட்டுவது என்பதில் ஸ்கூட்டருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு பைகளையும் இணைக்கும் பட்டையை இருக்கைக்கு அடியில் விட்டு மூடினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பட்டை தடிமனாக இருந்தால் இருக்கை சரியாகப் பூட்டாது. மழை நாளில் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். இருக்கையைத் தூக்கிப் பெட்ரோல் போடும் வண்டியாக இருந்தால் பங்க்கில் ஒவ்வொரு முறையும் தவிப்பு. நான் பட்டையை இருக்கைக்கு மேலேயே போடுகிறேன். பின் கைப்பிடியில் ஒரு கட்டு, கீழே கிராஷ் கார்டில் ஒரு கட்டு. கீழ்க்கட்டு இல்லாத பை வளைவில் வெளியே வீசும், நிறுத்தும்போது உள்ளே வந்து மோதும். நம் ஊரில் புது வண்டி எடுத்ததுமே சுற்றிலும் இரும்பு கார்டு போடுவது வழக்கமாகிவிட்டது. பையை அதன் மேல் சாய்த்துவிட்டால் சைலன்சரிலிருந்து விலகியே நிற்கும். பட்டையின் தொங்கும் நுனிகளை ஒன்றுவிடாமல் மடித்துச் செருகுங்கள். ஒரு நுனி பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரமே நின்றுவிடலாம்.

பைக்கு இடம் வேண்டும் என்று சேலை கார்டைக் கழற்றிவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. புடவை விற்கிறவளாக மட்டுமின்றிப் புடவை கட்டுகிறவளாகவும் சொல்கிறேன், அந்தத் தடுப்பு ஓர் உயிரைக் காக்கும். பைக்குப் பதிலாகப் பெட்டி வைக்கலாம் என்று தோன்றினால், 2020இல் வந்த திருத்தத்தில் அதற்கும் அளவு இருக்கிறது. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது. பின்னிருக்கை இடத்தில் பெட்டி இருந்தால் ஓட்டுபவர் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது. பையோ பெட்டியோ, எண் பலகையும் பின்விளக்கும் இண்டிகேட்டரும் மறையக்கூடாது.

துணியைப் பொறுத்தவரை என் தீர்மானம் உறுதியானது: கடையில் தொங்கும் ஆயத்தப் பையைவிட, இருக்கை உறை தைக்கும் கடையில் சொல்லித் தைத்துக்கொள்வது மேல். தருமபுரியில் ஓர் அண்ணன் எனக்குத் தைத்துக் கொடுத்தார். வெளியே தடித்த ரெக்சின், சக்கரத்தைப் பார்க்கும் பக்கத்தில் மெல்லிய பிளைவுட் பலகை, அடியில் அலுமினியத் தகடு. பலகை இல்லாத பை பாதி காலியானதும் தொய்ந்து உள்ளே மடங்கும். "அக்கா, ஜிப்பை நம்பாதீர்கள், மேலே மூடி வைக்கிறேன்" என்று ஜிப்பை மறைக்கும் அகலமான மூடியும் வைத்தார். அவர் சொன்னது சரிதான். துணி எவ்வளவு நனையாததாக இருந்தாலும் தையல் ஓட்டை வழியாக நீர் கசியும். உள்ளே உர மூட்டைக்குள் வரும் கெட்டி பாலித்தீன் உறை போன்ற ஒன்றைப் போட்டு வாயை முறுக்கிக் கட்டினால் ஐப்பசி மழையையும் தாங்கும். மசாலாப் பொடிக்கு இது புடவையைவிட அவசியம். ஒரு முறை ஈரம் ஏறிய பொடியைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார், அடுத்த முறை வாங்கவும் மாட்டார்.

பையின் மேலே தூக்கிச் செல்லக் கைப்பிடி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கட்டை அவிழ்த்ததும் இரு பைகளையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுகிறேன். பைக்குப் பூட்டு கிடையாது. தெருவில் விட்டுப் போகும் பொருளாக அதை நினைக்கவே கூடாது. பை படும் இடத்தில் வண்டிக்குப் பழைய ட்யூபை வெட்டி ஒட்டினேன். நம் செம்மண் தூசி நடுவில் புகுந்தால் உப்புத்தாள் போலப் பெயின்டைத் தேய்த்துவிடும்.

வண்டியையே மாற்றும் எண்ணம் இருந்தால் பை இல்லாமலே பாதி வேலை முடியலாம். ஆக்டிவாவில் இருக்கைக்கு அடியில் 18 லிட்டர். ஜூபிடர் 125இல் 33 லிட்டர். ஓசூரில் தயாராகும் ஏதர் ரிஸ்டா என்ற மின் ஸ்கூட்டரில் 34. மின் ஸ்கூட்டரில் சைலன்சரும் கிடையாது என்பதால் வலது பக்கத்து அச்சம் போய்விடும்.

இப்போதுள்ள வண்டியோடுதான் என்றால், தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். நீங்கள் நினைக்கும் அளவில் இரண்டு அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, பை தொங்கும் இடத்திலேயே கட்டி, உள்ளே ஐந்து கிலோ பொடி வைத்துக் காவேரிப்பட்டணம் வரை போய்வாருங்கள். வேகத்தடைகளை வழக்கம்போலவே ஏறி இறங்குங்கள், முதல் ஐந்து கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்திக் கட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். திரும்பியதும் அட்டை எங்கே கருகியிருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது, உங்கள் குதிகால் எங்கே இடித்து நசுக்கியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடங்களைப் பேனாவால் வட்டமிட்டு, அந்த அட்டையையே தையற்காரர் கையில் கொடுத்துவிடுங்கள்.