மனசு சரியில்லாத நாளில் என்ன சாப்பிடுவது? கேள்வி பதில்

மனம் ஒடிந்துபோகிற நாட்களிலும் சாப்பாடு, காபி, மது விஷயத்தில் நல்ல பழக்கங்களை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு. பதில் சொல்பவர் உணவியல் ஆலோசகர். மருந்து அளவு பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் இல்லை.

மழைக்குருவி: ஐந்து வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். போன வாரம் வீட்டில் பெரிய சண்டை. அன்று ராத்திரி ஒரு பிஸ்கட் பாக்கெட் முழுசும் காலி. எல்லாம் போச்சு என்று நாலு நாளாக இஷ்டத்துக்குச் சாப்பிடுகிறேன். மறுபடி முதலிலிருந்தா?

முதலிலிருந்து வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். 200 கிராம் பாக்கெட் என்றால் 950 கலோரி பக்கம் வரும். ஒரு கிலோ கொழுப்பு சேர 7,000-க்கு மேல் வேண்டும். ஆக அந்த ராத்திரி பெரிய சேதமில்லை. ‘எல்லாம் போச்சு’ என்ற நாலு நாள்தான் சேதம்.

இது உங்களுக்கு மட்டும் வருகிற புத்தி இல்லை. 1975-ல் ஒரு சோதனை நடந்தது. முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் வயிறு நிறைந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ‘இன்றைக்கு விரதம் கலைந்தாச்சு, இனி என்ன’ என்கிற கணக்கு. போதைப் பழக்கத்தை ஆராய்ந்த ஆலன் மார்லட் இதே காரணத்துக்காகத்தான் ஒரு தடவைச் சறுக்கலையும் பழையபடி முழுசாக வீழ்வதையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார்.

நாளைக் காலை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவு சாப்பிடுங்கள். பரிகாரமாகப் பட்டினி கிடக்காதீர்கள். காலையை விட்டால் சாயங்காலம் பசி தலைக்கேறி அதே பாக்கெட்டில்தான் கை போகும். மூன்று நாளைக்கு எடை பார்க்கும் மெஷின் பக்கமும் போக வேண்டாம். மாவுச்சத்து உடம்பில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகத் தங்கும்போது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரையும் பிடித்துவைக்கும். உப்பும் சேர்ந்தால் ஒரு கிலோ கூடக் காட்டும். தண்ணீரைக் கொழுப்பென்று நினைத்து மனம் உடைபவர்கள் நிறையப் பேர்.

இளவேனில்: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் ஆகிவிடுமாமே?

அந்த 21-ன் வேர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியது. அறுவை முடிந்தவருக்குத் தன் புது முகம் மனதில் பதியக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார் அவர். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. பழக்கம் உருவாவதை ஆராய்ந்த பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்ததில், பழக்கம் ஒட்ட ஆகும் காலத்தின் நடுமதிப்பு (பாதிப் பேர் இதற்குக் கீழ், பாதிப் பேர் மேல்) 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. (254 என்பது போக்கைப் பார்த்து நீட்டிப் போட்ட கணக்கு, ஆய்வு நடந்ததே 84 நாள்தான்.) ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது மாதிரி எளிய காரியம் சீக்கிரம் ஒட்டும். ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

தனிமரம்: துக்கமா பசியா என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள். நாலு மணி நேரம் தாண்டிவிட்டதா? அது பசி, உட்கார்ந்து சாப்பிடுங்கள். ‘மன அழுத்தத்தால் தின்கிறேன்’ என்பதில் பாதி, மதியச் சாப்பாட்டை விட்டதன் வினை. தாண்டவில்லை, ஆனால் குறிப்பிட்ட ஒன்றுதான் வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கிறதா? அடுக்களையை விட்டு வெளியே வந்து 20 நிமிடம் அலாரம் வையுங்கள். வேட்கை அலைபோல ஏறி இறங்கும். இறங்காவிட்டால் தட்டில் எடுத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். குற்றமில்லை.

இன்னொன்று, நல்ல நாளில் செய்துவைக்க வேண்டியது. அடுப்பே பற்றவைக்க மனம் இல்லாத நாளுக்கென்று ஒரு தட்டை முன்கூட்டியே முடிவுசெய்து குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். அவித்த முட்டை இரண்டு, ரொட்டி இரண்டு துண்டு, ஒரு பழம், ஒரு கைப்பிடி கொட்டைகள். முட்டை ஆகாதவர்களுக்கு ஒரு கிண்ணம் தயிர். ‘அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் இந்தத் தட்டு’ என்று நிபந்தனையோடு எழுத வேண்டும். ‘ஆரோக்கியமாகச் சாப்பிடுவேன்’ என்று எழுதினால் பலிக்காது, அன்றைக்கு யோசிக்கிற தெம்பே இருக்காது.

நடுச்சாமம்: ஒரு மாதம் விட்டுவிட்டேன். எத்தனை நாளில் பழக்கம் திரும்ப வரும்?

இளவேனிலுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை: இவ்வளவு எதற்கு? இனிப்பை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். தீர்ந்தது.

கண்ணில் படாத, எழுந்துபோய் எடுக்க வேண்டிய பண்டத்தைக் குறைவாகத்தான் தின்போம் என்ற வரை சரி. ஆனால் மழைக்குருவி போல ‘தடை, உடைப்பு, தடை’ என்று சுற்றுபவர்களுக்கு முழுத் தடைதான் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிறது.

கணக்குப்பிள்ளை: மனவலிமை இல்லாதவர்களுக்குச் சாக்கு சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

மனவலிமையைப் பற்றி நான் பேசவே இல்லை ஐயா. 1944–45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓர் ஆய்வுக்காக 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார்கள். தாங்களே முன்வந்தவர்கள், மன உறுதிக்குக் குறைவில்லை. அவர்களே ராப்பகலாகச் சாப்பாட்டு நினைப்பில் கிடந்தார்கள், சமையல் குறிப்பு சேகரித்தார்கள்.

மழைக்குருவி: என் வீட்டில் மூன்று மாதம் இனிப்பே இல்லை. அந்த பிஸ்கட்டை ராத்திரி பதினோரு மணிக்கு வெளியே போய்த்தான் வாங்கினேன், கணக்குப்பிள்ளை சார்.

கணக்குப்பிள்ளை: எனக்குத் தடைதான் பலித்தது. கிண்ணம் கண்ணெதிரே இருந்தால் கை தானாகப் போகும்.

உங்களுக்குச் சரி. நீங்கள் கவனமில்லாமல் கொறிக்கிறவர், உங்களுக்கு வேண்டியது தூரம். மழைக்குருவி ஏக்கம் முற்றி உடைகிறவர், அவருக்கு வேண்டியது அனுமதி: வாரத்தில் இரண்டு நாள், ஒரு ஆளுக்கான சிறு பொட்டலம், சாப்பாடு முடிந்த கையோடு, தட்டில். வெறும் வயிற்றில் வேண்டாம். மதுவுக்கு மட்டும் நான் உங்கள் பக்கம். மனம் தளர்ந்திருக்கும் காலத்தில் பாட்டிலை வீட்டில் வைக்கவே கூடாது.

பெயர் வேண்டாம்: அதைத்தான் கேட்க வந்தேன். பிரிவுக்குப் பிறகு ஒரு வருடமாகத் தினமும் ராத்திரி நிறையக் குடிக்கிறேன். நாளையிலிருந்து அடியோடு நிறுத்தப்போகிறேன்.

நாளைக்குத் தனியாக நிறுத்தாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். தினசரி அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை வரலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள் பிதற்றல், மாயத்தோற்றம். உயிருக்கே ஆபத்து. மேற்பார்வையில் செய்தால் இதற்கு மருந்து உண்டு, தயமின் வைட்டமினும் தருவார்கள். முன்பு ஒரு முறையாவது நிறுத்தியபோது கை நடுங்கியதா, வலிப்பு வந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் முடிவு நல்ல முடிவு, வழியை மட்டும் மாற்றுங்கள்.

இரவு ஷிப்ட்: கவலை வந்தால் காபி. ஒரு நாளைக்கு ஆறு.

காஃபின் உடம்பில் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும். தூங்கப்போகும் நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் பின்னால் எண்ணி, அதற்குள் கடைசிக் கோப்பையை முடியுங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பரவாயில்லை என்பார்கள், கருவுற்றவர்களுக்கு 200. ஒரேயடியாக விட்டால் மறுநாளே தலைவலி பிடிக்கும். மூன்று நாளைக்கு ஒரு தடவை ஒரு கோப்பை வீதம் குறையுங்கள்.

வெண்பனி: அம்மா இறந்து மூன்று வாரம். ஒரு வாய் இறங்கவில்லை.

வருந்துகிறேன். இப்போது சத்தான உணவு எது என்ற ஆராய்ச்சி வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அரைக் கோப்பையானாலும் சரி: பால், சூப், மசித்த பழம். மெல்ல முடியாதபோது குடிக்க முடியும். யாராவது கையில் கொண்டுவந்து கொடுக்கட்டும். மூன்று வாரமாக இப்படி என்பதால் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எடை எவ்வளவு குறைந்தது என்பதையும் சொல்லுங்கள்.

ஓர் அன்பர்: அதிகமாகச் சாப்பிட்டால் வாந்தி எடுத்துவிடுகிறேன். அடுத்த வேளை என்ன சாப்பிடலாம்?

இது பட்டியல் போட்டுத் தீராது. மனநல மருத்துவரிடம் போங்கள், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அதுவரை அடுத்த வேளையை விடாதீர்கள்.

தாமரை: நேற்று அதிகமாகிவிட்டது. இன்று பட்டினி போட்டுச் சரிக்கட்டலாமா?

கூடாது. மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை: கடைசியாக ஒன்று. இனிப்புக்குச் சரி. சிப்ஸ்?

அதுவும் அப்படியே. கிண்ணத்தில் கொட்டி, பாக்கெட்டின் வாயைக் கட்டி, மேல் தட்டில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். பாக்கெட்டோடு சோபாவுக்குப் போகாதீர்கள்.