கைக்கு எட்டாத பெயர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் தில்லிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறு மாலைகளில் இந்தியா கேட் பக்கம் நடக்கிறேன். எழுபதாயிரம் பெயர்கள் பொறித்த அந்த வளைவு வெள்ளைக்காரனுக்காகச் செத்த கூலிப்படையின் நினைவுச்சின்னம்தானே? அங்கே எரிந்த அமர் ஜவான் ஜோதியைப் புதிய தேசியப் போர் நினைவகத்துக்கு மாற்றியது சரியா, தவறா? மன்னர் சிலை நின்ற மண்டபத்தில் நேதாஜியை வைத்தது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இந்த இடங்களின் வடிவமைப்பைப் புரிந்துகொள்ளச் சில நூல்களும் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

சில வாரங்களாக நானும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நூல் பட்டியல் வேண்டாம். எட்டு மாதமாக அந்த இடத்திலேயே நடக்கிறீர்கள், முதலில் கண்ணால் பாருங்கள். மண்டபத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்தாம் ஜார்ஜின் சிலையை 1968-ல் அகற்றினார்கள், 2022-ல் நேதாஜி வந்தார். அரசுகள் மாறும்போது சிலைகளும் மாறும்.

ஆனால் 'கூலிப்படை' என்ற சொல்லை இவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. 1914-ல் ஓர் இந்தியச் சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய். அந்தப் பதினொரு ரூபாய்க்காகக் கடன்பட்ட வீட்டிலிருந்தும் மழை பொய்த்த நிலத்திலிருந்தும் கிளம்பிப் போனவனை, நூறு வருடம் கழித்து மாதச் சம்பளம் வாங்கும் நாம் கூலி என்று அழைக்கிறோம். அவன் யாருடைய போரில் செத்தான் என்பது வரலாற்றுக் கேள்வி, அதை விவாதிக்கலாம். அவன் பெயர் என்ன என்பது அதற்கும் முந்தைய கேள்வி. முதல் கேள்வியைக் காட்டி இரண்டாவதை மூடாதீர்கள்.

ஒரு திருத்தமும் உண்டு. அந்த வளைவில் எழுபதாயிரம் பெயர்கள் இல்லை. முதல் உலகப் போரிலும் அதை ஒட்டிய சண்டைகளிலும் இறந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கான சின்னம்தான் அது. பொறிக்கப்பட்டிருப்பவை 13,000-க்கும் சற்று மேற்பட்ட பெயர்களே. அவர்களில் பெரும்பாலோர் வடமேற்கு எல்லையிலும் 1919 ஆப்கன் போரிலும் மடிந்தவர்கள். பிரான்சிலும் மெசபடோமியாவிலும் செத்தவனை நீங்கள் அந்தச் சுவரில் தேடினால் கிடைக்கமாட்டான். எட்டு மாதம் நடந்தும் இது உங்கள் கண்ணில் படவில்லை. உங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1931-ல் திறக்கப்பட்ட அந்த வளைவு 42 மீட்டர் உயரம். பெயர்கள் சுவரோடு சுவராக மேலே மேலே ஏறிப்போகின்றன. கீழே நிற்பவருக்கு அவை எழுத்தாகத் தெரிவதில்லை, கல்லின் சொரசொரப்பாகத்தான் தெரிகின்றன.

அதைக் கட்டிய ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் லட்யன்ஸ்தான் பிரான்சில் முதல் உலகப் போர் வீரர்களுக்கான தியெப்வால் நினைவுச்சின்னத்தையும் கட்டினார். அது 1932-ல் திறக்கப்பட்டது. அங்கே வளைவுக்குள் வளைவாகப் பிரித்துப் பதினாறு தூண்களை எழுப்பினார். அந்தப் பிரிப்பால் கிடைத்த சுவர்ப்பரப்பு முழுவதும் பெயர்கள்தான், 72,000-க்கும் மேல். பெயரைத் தாங்குவதற்காகவே கட்டடம் அந்த உருவத்தை எடுத்திருக்கிறது. தில்லியில் முதலில் வந்தது வளைவு. பெயர்கள் பிறகு அதன்மேல் ஏறின. ஒரே கட்டடக்கலைஞர், ஏறத்தாழ ஒரே காலம். சாம்ராஜ்யத்தின் தலைநகரில் நீண்ட சாலையின் முடிவாக நிற்பதுதான் தில்லி வளைவின் முதல் வேலை.

பாஸ்ரா இன்னும் கொடுமை. இராக்கில் உள்ள அந்த நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கைதான்: 'மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்'. பதவி பார்க்காமல் எல்லோரையும் சமமாக நினைவுகூர்வோம் என்று அறிவித்துக்கொண்ட, பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் செய்த வேலை இது. பெயரின்றியோ நினைவே இன்றியோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும் என்று 2021-ல் அந்த ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. 'மற்றும் இத்தனை பேர்' என்று செதுக்கச் சொன்னவனின் மனமும் 'கூலிப்படை' என்று எழுதும் மனமும் ஒன்றுதான். கோபமாகத்தான் சொல்கிறேன்.

நம்மிடம் இதற்கு வேறு மரபு இருந்தது. ஆநிரை மீட்கப்போய்ச் செத்த ஊர்க்காரனுக்குப் பெயரும் பெருமையும் எழுதி, வழியோரத்தில் கல் நட்டு, மயில்பீலி சூட்டினார்கள். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லில் இன்றும் பெயர் இருக்கிறது. ஆள் உயரம்கூட இல்லாத கல். தொல்காப்பியம் அந்தச் சடங்கை ஆறு துறைகளாகச் சொல்கிறது. அவற்றில் ஒன்று நீர்ப்படை, கல்லை நீராட்டுவது.

என் அத்தையின் கணவர் 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் இறந்தார். உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் அப்போது இல்லை. தந்தி வந்தது. பிறகு ஒரு தகரப்பெட்டி வந்தது. அத்தைக்கு அழுவதற்கென்று ஓர் இடம் இல்லாமலே ஐம்பது வருடம் ஓடப்பார்த்தது. 2019 பிப்ரவரியில் புதிய நினைவகம் திறந்தது. அந்த அக்டோபரில் அவரை அழைத்துப்போனேன்.

அதை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசன். இந்தியா கேட்டை மறைக்காமல் தரைமட்டத்துக்குத் தாழ்த்தி, வட்டத்துக்குள் வட்டமாக நான்கு வட்டங்கள். மூன்றாவதான தியாகச் சக்கரத்தில் ஆளுக்கு ஒரு கருங்கல் பலகை, செங்கல் அடுக்கியதுபோல. திறந்தபோதே 25,900-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. நடுத்தூணைப் பற்றியும் வெண்கலச் சிற்பங்களைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தப் பலகை போதும்.

தேடிக் கண்டுபிடித்துக் காட்டினேன். அத்தைக்கு எழுத்து தெரியாது. "இதுதானா?" என்று கேட்டு, விரலால் எழுத்தின் பள்ளத்தைத் தடவினார். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து முந்தானையை நனைத்தார். கல்லை மேலிருந்து கீழாக, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைத்தார். ஒரு காவலர் வந்து இந்தியில் ஏதோ சொன்னார். அத்தைக்குப் புரியவில்லை. பக்கத்துக் கற்களையும் துடைக்க ஆரம்பித்துவிட்டார். "தூசியாக இருக்கிறதே" என்றார். பிறகு என்னிடம், இடப்பக்கமும் வலப்பக்கமும் இருக்கிறவர்களின் பெயரைப் படிக்கச் சொன்னார். "பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தெரிய வேண்டாமா?" படித்தேன். திரும்பும் ரயிலில் நாக்பூர் வருவதற்குள் அந்த இரண்டு பெயர்களையும் மூன்று முறை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்.

ஜோதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1972 ஜனவரி 26 முதல் வளைவின் கீழ் எரிந்ததை 2022 ஜனவரி 21 அன்று புதிய நினைவகத்துச் சுடரோடு சேர்த்தார்கள். அதன் அரசியலைப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நாங்கள் போன அன்றும் புதிய நினைவகத்தின் நடுவே ஒரு சுடர் எரிந்துகொண்டுதான் இருந்தது. அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு போகும்போது அந்தப் பழைய வளைவின் முன் நில்லுங்கள். கண்ணுக்கு எட்டுகிற ஒரு பெயரை வாசித்து எனக்கு எழுதி அனுப்புங்கள். முடிந்தால் அதன் இரு பக்கத்திலும் இருப்பவர்களின் பெயர்களையும்.

அன்புடன்.