லினக்ஸ் கணினிக்குப் பொருள் வாங்கும்போது சிப்பைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினி 2017இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதிய கணினிதான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். மகளின் பள்ளி வேலை, வங்கி இணையதளம், கடிதத் தட்டச்சு ஆகியவைதான் எங்கள் தேவை. லினக்ஸ் போட்டால் போதுமா? (திருச்சி வாசகர்)

பதில்: போதும். விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமே லினக்ஸ். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான இன்டெல் செயலிகளையே ஏற்கிறது. அந்தப் பட்டியலில் இல்லை என்பதைத் தவிர உங்கள் கணினியில் வேறு குறை எதுவும் இல்லாதபோது, அதைக் கழித்துவிடுவது வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து. அந்தச் செயலியில் உள்ள கிராபிக்ஸுக்கான டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 4 ஜிபி ரேமிலும் இயங்கும். அதற்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்.

புதிய கணினிக்கு ஆகும் தொகையில் சிறு பகுதியை, ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகமான ஓர் எஸ்எஸ்டிக்கும் கூடுதலாக 4 ஜிபி ரேமுக்கும் செலவிடுங்கள்; இரண்டில் ஒன்றுதான் இயலும் என்றால் எஸ்எஸ்டியையே வாங்குங்கள். ஏழாம் தலைமுறைச் செயலிக்கான மதர்போர்டுகள் டிடிஆர்3எல், டிடிஆர்4 ஆகிய இரு வகை ரேமுக்கும் தனித்தனியாக வந்தன என்பதால், இப்போது உள்ள ரேமைக் கழற்றிக் காட்டியே வாங்க வேண்டும்.

எதையும் நிறுவுவதற்கு முன், கோப்புகளை வெளியே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, மின்ட்டை ஒரு பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே ஒலி, வைஃபை, பிரிண்டர், கேமரா அனைத்தையும் இவ்வாறு சோதித்துவிட முடியும். கணினியை உறக்க நிலைக்கு அனுப்பி மீண்டும் எழுப்பிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். வீட்டில் எவரேனும் டேலியில் கணக்கு எழுதுபவராக இருந்தால் மட்டும் என் பதில் மாறும். அது விண்டோஸுக்கென்றே தயாரிக்கப்படும் மென்பொருள்.

கேள்வி: உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்ட கணினிக்காக யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கினேன். அட்டைப்பெட்டியில் "லினக்ஸ்" என்று அச்சிட்டிருந்தும் அது வேலை செய்யவில்லை. கடைக்காரர் திரும்பப் பெற மறுக்கிறார். என்ன செய்யலாம்? (கோவை வாசகி)

பதில்: பெட்டியில் "லினக்ஸ்" என்ற சொல்லுக்கு அருகில் கர்னல் பதிப்பு எண்கள் ஏதேனும் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். பல நிறுவனங்கள் தங்கள் டிரைவரின் மூலநிரலை ஒருமுறை வெளியிட்டுவிட்டு, அது எந்தக் கர்னல் வரை சோதிக்கப்பட்டதோ அதை மட்டும் அச்சிட்டு நிறுத்திக்கொள்கின்றன. கர்னலுக்கு வெளியே நிற்கும் அத்தகைய டிரைவர், புதிய கர்னல் வந்ததும் அதற்கேற்ப இயங்கும் நிரலாகத் தொகுக்க (கம்பைல் செய்ய) முடியாமல் நின்றுவிடக்கூடும். கர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்ட டிரைவர் என்றால், கர்னல் மாறும்போது அதை எழுதுபவர்களே டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிடுகிறார்கள். "லினக்ஸில் இயங்குமா" என்று கேட்பதைவிட, "உள்ளே என்ன சிப் இருக்கிறது, அதற்கான டிரைவர் கர்னலில் இருக்கிறதா" என்று கேட்பதே பயனுள்ளது.

மாடல் எண்ணையும் நம்ப முடியாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் அடாப்டரின் முதல் பதிப்பில் லினக்ஸில் நன்றாக இயங்கும் ஏதெரோஸ் சிப் இருந்தது. அதே பெயரில் வந்த இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப் இடம்பிடித்தது. பழைய பரிந்துரையைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்குக் கிடைத்தது வேறு பொருள். ஆகவே பெட்டியின் பின்புறச் சீட்டில் உள்ள வன்பொருள் பதிப்பு எண்ணையும் கட்டாயம் பாருங்கள். யுஎஸ்பி அடாப்டர்களில் மீடியாடெக் எம்டி7612யு சிப்புக்கான டிரைவர் 2018இல் வெளிவந்த 4.19 கர்னல் முதலே உள்ளே இருக்கிறது. லேப்டாப்பின் உள்ளே பொருத்தும் கார்டு என்றால் இன்டெல் தயாரிப்பையே நான் பரிந்துரைப்பேன்.

உங்களிடம் உள்ளதைக் கைவிடுவதற்கு முன், அடாப்டரைச் செருகிவிட்டு டெர்மினலில் (கட்டளை எழுதும் சாளரத்தில்) 'எல்எஸ்யுஎஸ்பி' (lsusb) கட்டளையை, ஆங்கிலச் சிற்றெழுத்தில், இட்டுப் பாருங்கள்; செருகியுள்ள யுஎஸ்பி கருவிகளை அது பட்டியலிடும். சில அடாப்டர்கள் விண்டோஸ் டிரைவரைத் தருவதற்காக முதலில் ஒரு சிடி டிரைவாகவே தம்மைக் காட்டிக்கொள்ளும். அதை வெளியேற்றினால் வைஃபை விழித்துக்கொள்வது உண்டு.

அப்போதும் இயங்காவிட்டால் சட்டம் உங்களுக்கு இடம் தருகிறது. விற்பவர் ஒரு பொருளைப் பற்றி எவ்வகையிலேனும் கூறிய தரத்தில் குறைவிருப்பதையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 குறைபாடு என்றே வரையறுக்கிறது. குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீதையும் பெட்டியின் படத்தையும் வைத்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். ஆனால் பெட்டியில் பழைய கர்னல் எண்கள் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தால் உங்கள் வாதம் அந்த அளவுக்கு வலுவிழக்கும்.

கேள்வி: லினக்ஸுக்கு ஏற்ற பிரிண்டர் எது? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பெட்டியில் "ஏர்பிரிண்ட்" என்று குறிப்பிட்டிருக்கும் வைஃபை பிரிண்டரைத் தேர்ந்தெடுங்கள். அது ஆப்பிள் கருவிகளுக்காக வந்த வசதி என்றாலும், லினக்ஸின் கப்ஸ் அச்சு அமைப்பு அதே வழியில் தனி டிரைவர் இல்லாமலே அச்சிட்டுவிடும். ஹெச்பி தன் பிரிண்டர்களுக்கு ஹெச்பிலிப் என்ற திறந்த மூல மென்பொருளைத் தருகிறது; ஆயினும் அதன் சில லேசர் மாடல்களுக்கு மூடிய நிரல் ஒன்றையும் தரவிறக்க வேண்டியிருக்கும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் பரவலாகக் காணப்படும் கேனான் எல்பிபி2900, கேப்ட் என்ற கேனானின் தனி நெறிமுறையில் இயங்குவது; மேற்சொன்ன பொது வழியில் அது அச்சிடாது. பழையது மலிவாகக் கிடைத்தாலும் லினக்ஸுக்காக அதை வாங்க வேண்டாம்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறக்குமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: அந்த எழுத்துருவை நிறுவினால் திறக்கும், படிக்கவும் முடியும். ஆனால் அவற்றை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி வைத்துக்கொண்டால்தான் தேடவும் பிறருக்கு அனுப்பவும் இயலும். புதிதாக எழுதுவதற்கு லினக்ஸின் ஐபஸ் உள்ளீட்டு அமைப்பில் எம்17என் என்ற பன்மொழி விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால், தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகைகள் கட்டணமின்றிக் கிடைக்கும்.